வலை அருகே ஃபோர்ஹேண்ட்: பஞ்ச்சா, ரோலா?

நான் ஆடும் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் ஷட்டிலிலிருந்து பிக்கிள்பாலுக்கு, அதாவது மட்டையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தும் வைத்து ஆடும் ஆட்டத்துக்கு, வந்தவர்கள். நாகர்கோவிலில் இதற்கென்று தனி இடம் தேடி அலையவில்லை. ஷட்டில் டபுள்ஸ் கோர்ட்டும் இதுவும் ஒரே அளவு, 44 அடிக்கு 20 அடி. வலையை நடுவில் 34 அங்குலத்துக்கு இறக்கிக் கட்டினால் ஆட்டம் ரெடி. ஆனால் ஷட்டில் கையும் கூடவே வந்துவிடுகிறது. வலையை ஒட்டி, பந்தைத் தரையில் படாமல் அடிக்கும்போது கால் வைக்கக் கூடாத பகுதிதான் கிச்சன். அதன் கோட்டருகே ஃபோர்ஹேண்டுக்கு, அதாவது மட்டை பிடித்த கைப் பக்கமாக, பந்து வந்தால் போதும், கை தானாகப் பின்னால் போய் மணிக்கட்டு சுண்டுகிறது.

இதற்கு மாற்றாக இரண்டு அடிகளைச் சொல்லித் தருகிறார்கள். பஞ்ச்சில் ஓங்கலே கிடையாது. பேடில் (மட்டை) நெஞ்சுக்கு முன்னால் நிற்கும், மணிக்கட்டு அசையாது, முழங்கை மட்டும் கொஞ்சம் நீளும். ரோலில் பேடில் பந்துக்குக் கீழே இறங்கி, மேல்நோக்கித் தேய்த்து, டாப்ஸ்பின்னோடு (முன்னோக்கிய சுழற்சியோடு) பந்தை அனுப்பும். பார்க்க அழகு ரோல்தான். பழக எளிது பஞ்ச். இதில் பேச ஒன்றுமில்லை.

நான் பஞ்ச் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அடித்து முடித்ததும் பேடில் எங்கே இருக்கிறது? இரண்டு பக்கமும் கிச்சன் ஏழேழு அடி. எதிராளியும் கோட்டருகே வந்துவிட்டால் நடுவே இருப்பது 14 அடியும் சொச்சமும். பந்து போன வேகத்தில் திரும்பி வரும். ரோல் அடித்தவரின் பேடில் அப்போது இடது தோள் பக்கம் ஏறியிருக்கும். அதை இறக்கி நேராக்குவதற்குள் பந்து வலது இடுப்பில் வந்து நிற்கும். பஞ்ச்சில் பேடில் ஒரு சாண் முன்னே போய் அங்கேயே காத்திருக்கும், அடுத்த பந்துக்கு அதுவே தயார்நிலை. இன்னொன்று, பெரிதாக வீசினால் உடம்பும் முன்னே சாயும். வாலி (பந்தைத் தரையில் படாமல் அடிப்பது) அடித்த வேகத்தில் கிச்சன் கோட்டை மிதித்தால் ஃபால்ட். பந்து செத்த பிறகு, அதாவது அந்த ஆட்டப் புள்ளி முடிந்த பிறகு, மிதித்தாலும் அதே கதைதான்.

பழகுவதற்கு எங்களுக்கு உதவியது ஒரு சுவர். சுவரில் முதுகு ஒட்ட நின்றுகொண்டு, ஒருவர் பந்து போட்டுத்தர வாலி அடிக்க வேண்டும். கை பின்னால் போனால் பேடில் சுவரில் தட்டும். அப்புறம் "ஓங்காதே மக்கா" என்று யாரும் கத்த வேண்டிய வேலையில்லை. பிடி, வெட்டுக்கத்தியைப் பிடிப்பது போல. அதை இறுக்கிப் பிடித்தால் பந்து எகிறும், கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். பந்தை உடம்புக்கு முன்னாலேயே சந்தித்து எதிராளியின் காலடிக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் பேடில் பிடித்த தோளுக்கு.

சரி, ரோலுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. வலை உயரத்துக்குக் கீழே இறங்கிய பந்தைப் பஞ்ச் செய்தால் மேலே எழும்பும், எதிராளி ஸ்மாஷ் அடித்துவிடுவார். அங்கே டிங்க் ஆடலாம், அதாவது பந்தை மெதுவாக எதிராளியின் கிச்சனில் விழ வைக்கலாம், அல்லது கை பழகியவர்கள் ரோல் செய்யலாம்.

காற்று விஷயத்தில் மட்டும் என் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பெரும்பாலும் கூரைக்கு அடியில் ஆடுகிறவன். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று, முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் காற்று. ஓட்டை போட்ட இந்த லேசான பந்தை அது சும்மா விடாது. காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்தால் தட்டையான பஞ்ச் எதிர்ப்பக்கத்துக் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பறக்கும், டாப்ஸ்பின் பந்தைக் கீழே இழுக்கும். அந்தப் பக்கம் திறந்தவெளியில் ஆடுகிறவர்கள் ரோலை முதலில் பழகினால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.