கவிழ்த்த உருளையா, ஐசோடெனிஸ்கோப்பா?

நீரின் ஆவியழுத்தத்தை (திரவத்தோடு சமநிலையில் இருக்கும் அதன் ஆவி தரும் அழுத்தத்தை) மட்டும் அளந்தால் போதுமெனில், 10 மி.லி. அளவு உருளையில் சிறிது காற்றை விட்டு, நீர் நிறைந்த உயரமான பீக்கருக்குள் கவிழ்த்து, சுமார் 75 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ஆறும்போது காற்றின் கனவளவைக் குறித்துவரலாம். பனிக்கட்டியிட்டு 5 டிகிரிக்குக் கீழே இறக்கினால் ஆவி மிகக் குறைந்துவிடுவதால், எஞ்சும் கனவளவிலிருந்து காற்றின் மோல் அளவு கிடைக்கும். பிற வெப்பநிலைகளில் அக்காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட்டு, வளிமண்டல அழுத்தத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது ஆவியழுத்தம். பிறைத்தளம் (நீரின் வளைந்த மேற்பரப்பு) தலைகீழாக நிற்பதால் ஒவ்வோர் அளவிலும் ஏறத்தாழ 0.2 மி.லி. கழிக்க வேண்டும் (மாணவர்கள் மறப்பது இதைத்தான்).

எளிதில் தீப்பற்றும் அசிட்டோனைத் திறந்த பீக்கரில் இப்படிச் சூடாக்கக் கூடாது. அதற்கு, வேதியியலாளர்கள் ஸ்மித்தும் மென்சீசும் 1910இல் விவரித்த ஐசோடெனிஸ்கோப்பே (திரவம் வைக்கும் குமிழும் யூ வடிவக் குழாயும் கொண்ட, ஆவியழுத்தம் அளக்கும் கருவி) ஏற்றது: குறைந்த அழுத்தத்தில் திரவத்தைக் கொதிக்கவிட்டுக் காற்றை வெளியேற்றியபின், யூ வடிவக் குழாயின் இரு மட்டங்களும் சமமாகும்வரை காற்றை மெல்ல உள்ளே விட்டு, அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். துல்லியம் கூடுதல்தான், ஆனால் வெற்றிடப் பம்பு தேவை, அவசரப்பட்டால் காற்று குமிழுக்குள் புகுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும்.