கிரீட்டில் மலையிறங்கிக் கடலில் குளிக்க: சமாரியாவா, இம்ப்ரோஸா, அராடேனாவா?

கிரேக்கத்தின் கிரீட் தீவின் தென்மேற்கில் வெண்மலைத் தொடர் நேராக லிபியக் கடலில் போய் முடிகிறது. அதைப் பிளந்துகொண்டு இறங்கும் இந்த மூன்று இடுக்குகளுக்கும் ஹானியா நகரிலிருந்து வழிகாட்டியோடு ஒரே நாளில் போய்வரலாம். விளம்பரத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். கடலில் கிடைக்கும் நேரம்தான் வேறு.

புகழ் முழுக்க சமாரியாவுக்கு. சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் தொடங்கி அகியா ரூமேலி கடற்கரை வரை 16 கி.மீ.; 5 முதல் 7 மணி நேரம். முதல் 3 கிலோமீட்டரிலேயே ஏறக்குறைய பாதி உயரம் இறங்கிவிடுகிறது. முட்டி வலி பிடிப்பது இங்கேதான். விரல்கள் ஷூவின் முனையில் இடித்து இடித்து, மாலைக்குள் கட்டைவிரல் நகம் கறுத்துப்போகும். முந்தின நாளே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னே சரியாது. வழியில் ஊற்றுகள் உண்டு, ஒரு லிட்டர் பாட்டில் போதும். ஓடையில் இறங்கிக் குளிக்கத் தடை. சுவர்கள் 300 மீட்டர் உயர, நான்கு மீட்டருக்கும் குறைவாக இடுங்கும் ‘இரும்பு வாசல்’ கடைசிப் பகுதியில் வரும். அகியா ரூமேலிக்குச் சாலை கிடையாது. மாலைப் படகை விட்டால் இரவு அங்கேதான். மெதுவாக நடப்பவருக்குக் குளிக்க அரைமணி மிஞ்சினாலே பெரிது. பெரிய குழுவில் வழிகாட்டி கடைசி ஆளோடு வருவார். உங்கள் காசு உண்மையில் பஸ்ஸுக்கும் படகு ஏற்பாட்டுக்கும்தான். மே முதல் அக்டோபர் வரை மட்டுமே திறப்பு. மழையிலும் கடும் வெயிலிலும் மூடிவிடுவார்கள்.

இம்ப்ரோஸ் 8 கி.மீ., மூன்று மணி நேரம், குழந்தைகளுக்கும் ஏற்றது. ஓரிடத்தில் அகலம் 1.6 மீட்டர்தான். 1941 மே மாதம் பின்வாங்கிய நேச நாட்டுப் படைகள் ஸ்ஃபாக்கியா துறைமுகத்துக்கு இறங்கிய பக்கம் இது. குறை ஒன்றே: நடை முடியும் கோமிதாதேஸ் கடலோரத்தில் இல்லை. அங்கிருந்து வண்டி பிடித்து ஸ்ஃபாக்கியா போய்த்தான் குளிக்க வேண்டும்.

குளியல்தான் முக்கியம் என்றால் அராடேனா. கைவிடப்பட்ட ஊரருகே, இரும்புப் பாலத்துப் பக்கமிருந்து பழைய கழுதைப் பாதையில் இறங்கினால் இரண்டரை மணி நேரத்தில் நேரே மார்மரா கடற்கரை. தெளிந்த நீர், ஓரத்தில் குடைந்த பாறைக் குகைகள். ஆனால் பாறை உருண்டு அடைத்த இடத்தில் இரும்பு ஏணி வரும். உயரம் பயமென்றால் சுற்றுப்பாதை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். வழியில் தண்ணீர் கிடையாது: ஆளுக்கு 2 லிட்டர். கூழாங்கல் மதியத்தில் அடுப்புக் கல்லாகக் காயும். நீரில் போடும் ரப்பர் செருப்பு அவசியம்.

பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: காற்றடித்து மார்மராவுக்குப் படகு வராவிட்டால் திரும்புவது எப்படி? அங்கிருந்து லூத்ரோ என்ற கடலோர ஊர் வரை கரையோரமாக இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும், நிழலே இல்லை. அதற்கும் சேர்த்துத் தண்ணீரை மிச்சம் வைத்த பிறகு கடலில் இறங்குங்கள்.