போஸ்ட்மேனா, ப்ரூனோவா, இல்லை கோடிலேயே எழுதிவிடுவதா?

ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வாசல்) டெஸ்டிங்குக்கு எந்த டூல் எடுக்கலாம் என்று டீமில் பேச்சு எழுந்தால், பாதி நேரம் எதன் திரை அழகு என்பதிலேயே போய்விடும். நான் கேட்பது ஒன்றுதான். சர்வருக்கு அனுப்ப எழுதுகிற ரிக்வெஸ்டும், வரும் பதிலைச் சரிபார்க்கும் டெஸ்டும் எங்கே குடியிருக்கப் போகின்றன? கம்பெனியின் கிட்டிலா (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் இடம்), டூல்காரர்களின் கிளவுடிலா?

போஸ்ட்மேன் 2012-இல் குரோம் எக்ஸ்டென்ஷனாக ஆரம்பித்தது. இன்று மாக் சர்வர் (நிஜ சர்வருக்குப் பதிலாக நிற்கும் போலி), மானிட்டர், டாக்குமென்டேஷன் என்று எல்லாமே அதற்குள் இருக்கிறது. கோடு எழுதாத அனலிஸ்டிடம்கூட, ரிக்வெஸ்டுகளின் தொகுப்பான ஒரு கலெக்‌ஷனைப் பகிர்ந்தால் சாப்பாட்டு இடைவேளைக்குள் ரிக்வெஸ்ட் அனுப்பிப் பார்த்துவிடுவார். இதில் அதை மிஞ்ச ஆளில்லை. நியூமேன் என்ற அதன் துணை டூல் மூலம் கலெக்‌ஷனைக் கமாண்ட் லைனிலும் ஓட்டலாம். ஒரு டெஸ்ட் தோற்றாலும் சிஐ (கோடு மாறும்போதெல்லாம் டெஸ்டைத் தானாக ஓட்டும் அமைப்பு) பில்டு சிவப்பாகிவிடும்.

உறுத்துவது ரிவ்யூதான். கலெக்‌ஷனை ஜேசன் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து கிட்டில் போட்டுப் பாருங்கள். ரிக்வெஸ்ட் பாடி (அதில் அனுப்பும் தகவல்) முழுவதும் ஒரே வரியாக மடிந்து கிடக்கும், மேற்கோள் குறி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ். ஒரு ஃபீல்டின் மதிப்பை மாற்றினால், அந்த நீண்ட வரி மொத்தமும் மாறியதாக டிஃப் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம்) காட்டும். அதை உட்கார்ந்து படித்து அப்ரூவ் செய்பவரை நான் இன்னும் பார்த்ததில்லை.

ப்ரூனோ கை வைத்தது சரியாக இந்த இடத்தில். ரிக்வெஸ்டுக்கு ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு, அதுவும் உங்கள் ஃபோல்டரிலேயே. பாடி எப்படி எழுதினீர்களோ அப்படியே வரி வரியாக இருக்கும். டெவலப்பர் எண்ட்பாயிண்டை (ஏபிஐயின் ஒரு முகவரி) மாற்றும் அதே புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) டெஸ்டும் மாறியிருப்பது கண்ணில் படும். கிளவுடில் எதுவும் ஏறாது, அக்கவுண்டும் வேண்டாம். 2023-இல் போஸ்ட்மேன், லாகின் இல்லாமலே பயன்படுத்தும் ஸ்க்ராட்ச் பேடை நிறுத்தியது, இன்சோம்னியா என்ற இன்னொரு டூலின் 8-ஆம் பதிப்பு லாகினைக் கட்டாயமாக்கியது. இன்சோம்னியா எதிர்ப்புக்குப் பிறகு லோக்கல் சேமிப்பைத் திரும்பக் கொடுத்துவிட்டது. ஆனாலும் அந்தச் சமயத்தில் ப்ரூனோ பக்கம் நகர்ந்தவர்கள் பலர்.

அதற்காக ப்ரூனோவில் குறையே இல்லை என்று இல்லை. கிட் பழக்கமில்லாத டெஸ்டருக்கு பிராஞ்ச், கமிட், மெர்ஜ் கான்ஃபிளிக்ட் எல்லாம் சேர்த்தே கற்றுத்தர வேண்டும். போஸ்ட்மேன் கலெக்‌ஷனை இம்போர்ட் செய்யலாம், ஆனால் ஸ்கிரிப்டுகளைக் கையால் கொஞ்சம் தட்டிக்கொட்ட வேண்டியிருக்கும். டோக்கன் (லாகின் ஆனவர் என்று காட்டும் ரகசியச் சாவி) விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சீக்ரெட் என்று குறிக்காமல் என்விரான்மென்ட் கோப்பில் எழுதினால், அது நேராக ரெப்போவுக்குள் (கிட்டில் கோடு இருக்கும் கிடங்கு) போய் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவது வழி, கோடு. ஜாவா டீம் என்றால் ரெஸ்ட் அஷ்யூர்ட் என்ற லைப்ரரி. டெஸ்ட் ஜேயூனிட் என்ற ஜாவா டெஸ்ட் டூலோடு சேர்ந்து அதே பில்டில் ஓடும். நூற்றுக்கணக்கில் டெஸ்ட் வந்த பிறகு ரீஃபாக்டர் செய்ய (கோடை ஒழுங்குபடுத்தி எழுத) இதுதான் வசதி, ஆனால் ஜாவா எழுதாத க்யூஏ (டெஸ்டர்) வெளியே நிற்க வேண்டிவரும். எனக்கு இதைவிட கராத்தே என்ற டெஸ்டிங் டூல் பிடிக்கும். பதிலின் வடிவத்தையே எழுதிவைக்கலாம்: ஐடி என்றால் எண், பெயர் என்றால் எழுத்து, அவ்வளவுதான்.

இது ஏன் முக்கியம் என்று நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் எழுதிய ஒரு டெஸ்ட் வாரக்கணக்கில் பச்சையாகவே இருந்தது. சர்வரோ ஸ்டேட்டஸ் 200 ('எல்லாம் சரி' என்ற குறி) கொடுத்துவிட்டு, பாடிக்குள் பிழைச் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததெல்லாம் 200-ஐ மட்டும். எந்த டூலிலும் இந்தத் தப்பைச் செய்யலாம்தான், ஆனால் கராத்தேவில் பாடியைச் சரிபார்ப்பது ஒரு வரி வேலை என்பதால் சோம்பேறியும் எழுதிவிடுவான்.

சோப் (எக்ஸ்எம்எல்லில் பேசும் பழைய முறை) சர்வீஸ்கள் இன்னும் ஓடுகிற இடமாக இருந்தால் சோப்யூஐ போதும், சர்வீஸை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பைக் கொடுத்தால் மாதிரி ரிக்வெஸ்டுகளை அதுவே உருவாக்கித் தரும். லோட் டெஸ்டிங் (ஒரே நேரத்தில் பலர் வந்தால் தாங்குமா என்று பார்ப்பது) தனிக் கதை, அதற்கான ஜேமீட்டரை இந்தச் சண்டைக்குள் இழுக்காதீர்கள்.

என் தேர்வு? டெவலப்பரும் டெஸ்டரும் ஒரே ரெப்போவில் வேலை செய்தால் ப்ரூனோ. கோடு தெரியாதவர்கள் பாதிப் பேர் இருந்தால் போஸ்ட்மேன். குழப்பமாக இருந்தால் லாகின் செய்து, டோக்கன் வாங்கி, அதை அடுத்த ரிக்வெஸ்டில் அனுப்பும் ஒரு ஃபுளோவை இரண்டிலும் எழுதுங்கள். அப்புறம் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றி, அந்த டிஃப்பை டீமில் வேறொருவரிடம் ரிவ்யூவுக்குக் கொடுங்கள்.