பாசியிலிருந்து எண்ணெய்: வெந்நீர் முறையா, பைரோலிசிஸா?

பாசி, சாக்கடைக் கசடு, மரத்தூள் என்று எதை எடுத்தாலும், அதை எண்ணெயாக்க இரண்டு வழிகளைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. பைரோலிசிஸில் காய்ந்த பொருளைக் காற்றுப் படாமல் 500 டிகிரி சூட்டில் ஒன்றிரண்டு நொடியில் ஆவியாக்கி, உடனே குளிரவைத்து எண்ணெயாக இறக்குகிறார்கள். ஹைட்ரோதெர்மல் என்கிற வெந்நீர் முறையில் ஈரத்தோடு அப்படியே குழம்பாக்கி, தண்ணீர் ஆவியாகிவிடாதபடி 200 பார் அழுத்தம் கொடுத்து 350 டிகிரியில் வேகவைக்கிறார்கள். வீட்டுக் குக்கருக்குள் சுமார் 2 பார்தான், நினைத்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது ஈரம்தான். ஒரு கிலோ பாசியோடு 4 கிலோ தண்ணீர் சேர்ந்து வருகிறது என்று வையுங்கள். அதை உலர்த்த மட்டும் 10 மெகாஜூல் ஆகும், அந்தப் பாசிக்குள் இருப்பதே 20 சொச்சம்தான், ஆக பாதி அடுப்புக்கே போய்விடுகிறது. வெந்நீர் முறையில் அதே தண்ணீரைச் சூடேற்ற 6 மெகாஜூல் சொச்சம் வேண்டும், ஆனால் அது கடைசிவரை திரவமாகவே இருப்பதால், வெளியேறும் சூடான குழம்பை வைத்தே உள்ளே வரும் குளிர்ந்த குழம்பைச் சூடாக்கி அதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிடலாம்.

எண்ணெயின் தரத்திலும் வெந்நீருக்குத்தான் என் ஓட்டு. பைரோலிசிஸ் எண்ணெய் நிறையக் கிடைக்கும், 100 கிலோ காய்ந்த மரத்துக்கு 65-75 கிலோ வரை. ஆனால் அதில் கால்பங்கு வரை தண்ணீர், வினிகர் போலப் புளிப்பு, புகை வாடை, பாட்டிலில் வைத்தால் நாளாக நாளாகக் கெட்டியாகும். கிலோவுக்கு 17 மெகாஜூல்தான் தேறும். வெந்நீரில் வருவது தார் மாதிரிக் கறுப்பாக இருந்தாலும் 30-35 மெகாஜூல் தரும். பாசியில் புரதம் இருப்பதால் நைட்ரஜன் கூடவே வந்துவிடுகிறது, அதை நீக்க ஹைட்ரஜன் செலவாகும், இது உண்மையான குறை.

அப்புறம் வினையூக்கி. வெந்நீர் முறையில் மரத்துக்கு சோடியம் கார்பனேட் மாதிரிச் சாதாரண உப்பே போதும், கரைந்து கலந்துவிடும். திடமான வினையூக்கி போட்டால்தான் தலைவலி: ஆலைகளில் வழக்கமாக வினையூக்கியைத் தாங்கும் அடித்தளமாகப் பயன்படும் அலுமினா இந்தச் சூடான தண்ணீரில் போமைட் என்கிற வேறு கனிமமாக மாறி, பரப்பளவை இழந்து நொறுங்கும். எண்ணெயைப் பிரித்தபின் கழிவுநீரில் மிஞ்சும் கரிமத்தை வாயுவாக்க ருத்தேனியம் என்ற உலோகம் நன்றாக வேலை செய்யும், கந்தகம் பட்டால் செத்துவிடும். பைரோலிசிஸில் சியோலைட் என்கிற நுண்துளை வினையூக்கி மீது கரி படிந்து அடைத்துக்கொள்ளும், ஆனால் அதை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

வெந்நீர் முறை இன்னும் பரவாததற்கு வேதியியலைவிட பம்ப்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நார்நாரான குழம்பை 200 பாருக்கு எதிராக நாள்முழுக்கத் தள்ளுவது லேசுப்பட்ட காரியம் இல்லை, குழாய் அடைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் நிறுத்தியாக வேண்டும். அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் 2013-ல் பாசிக் குழம்பை நிற்காமல் ஓட்டி ஒரு மணி நேரத்துக்குள் எண்ணெயாக்கிக் காட்டியது பெரிய விஷயம். பைரோலிசிஸோ 2015-லேயே நெதர்லாந்தின் ஹெங்கலோவில் ஆலையாகிவிட்டது, ஒரு பால்பண்ணை நிறுவனத்தின் கொதிகலனுக்கு அங்கிருந்து எண்ணெய் போனது.

ஆகவே மரம் அறுக்கும் மில் பக்கத்தில் காய்ந்த தூள் குவிந்து கிடக்கிறதா, பைரோலிசிஸ் போடுங்கள். கசடோ பாசியோ என்றால் அதை உலர்த்த ஆரம்பிக்கவே வேண்டாம்.