மெர்ஜில் காணாமல் போன திருத்தம் எந்தப் பார்வையில் தெரியும்? --சிசி-யும் --ரீமெர்ஜ்-டிஃப்பும்

நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டின் வரலாற்றில் ஒரு மெர்ஜ் கமிட் (இரண்டு கிளைகளை ஒன்றுசேர்க்கும் பதிவு) உண்மையில் என்ன செய்தது என்று பார்க்கப் பல வழிகள் இருக்கின்றன. ஆனால் நம்மில் பலர் ‘கிட் லாக் -பி’ அடித்து, மெர்ஜ் வரும் இடத்தில் பெயரும் தேதியும் மட்டும் வருவதைப் பார்த்து, இதில் மாற்றம் ஒன்றும் இல்லை போல என்று அடுத்த கமிட்டுக்குப் போய்விடுகிறோம். மெர்ஜுக்கு டிஃப் (வரிவரியான மாற்றம்) காட்டாமல் விடுவதுதான் லாகின் இயல்பு. உள்ளே நூறு வரி மாறியிருந்தாலும் நாம் கேட்டால் ஒழிய காட்டாது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் வித்தியாசம். -எம், -சி, --சிசி, --பர்ஸ்ட்-பேரன்ட், --ரீமெர்ஜ்-டிஃப் என ஐந்து விருப்பங்களையும் எங்கள் ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) பயன்படுத்தியிருக்கிறோம். இப்போது --ரீமெர்ஜ்-டிஃப்பை வழக்கமாக்கிக்கொண்டோம். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

எங்கள் நிலைமையைச் சொன்னால்தான் இந்தச் சாய்வு புரியும். மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை என்று பிரிந்து உட்கார்ந்து வேலை பார்க்கும் சின்னக் குழு நாங்கள். செய்வது படகுக் கணக்குச் செயலி. மீன் ஏலத்தில் போன விலை, டீசல், ஐஸ், ரேஷன் செலவு, கழித்தது போக மிச்சத்தில் உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பெரிய மாற்றங்களில் கை வைக்க எங்களுக்கு அதுதான் நேரம். தனி பிராஞ்ச் (கிளை) போட்டுப் பங்குக் கணக்கையே திரும்ப எழுதுவோம். ஆனால் நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது. அவர்கள் கடலுக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள், செயலியைத் திறப்பார்கள், கணக்கு இடித்தால் உடனே போன் வரும். அதனால் மெயின் என்ற முக்கியக் கிளையிலும் திருத்தங்கள் விழுந்துகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் இப்படி வளர்ந்ததைத் தடை முடிவதற்குள் ஒன்றுசேர்த்தாக வேண்டும். கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தை இரு பக்கமும் மாற்றியதால் வரும் மோதல்) வராமல் அந்த மெர்ஜ் முடிந்ததே இல்லை.

-எம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெர்ஜுக்கு இரண்டு பேரன்ட் (அது ஒன்றுசேர்க்கும் முந்தைய கமிட்டுகள்) இருந்தால் இரண்டு டிஃப் தனித்தனியாக வரும். எதுவும் மறைக்கப்படாது, ஆனால் படித்து முடிக்க முடியாது. பிராஞ்சில் நடந்தது முழுவதும் ஒரு டிஃப்பில், மெயினில் நடந்தது முழுவதும் இன்னொன்றில் வந்து நிற்கும்.

--பர்ஸ்ட்-பேரன்ட் எனக்குப் பிடித்தது, வேறு ஒரு வேலைக்கு. மெயினின் பாதையை மட்டும் பிடித்துக்கொண்டு நடக்கும். பிராஞ்சுக்குள் நடந்த சின்னச் சின்னக் கமிட்டுகள் கண்ணில் படாது. ஒரு மெர்ஜ், ஒரு பெரிய டிஃப். “இந்த வெளியீட்டில் என்னென்ன சேர்ந்தது?” என்று கேட்பவருக்கு இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். கிட் 2.29-லிருந்து இதோடு -பி மட்டும் சேர்த்தால் போதும்; அதற்கு முந்தைய பதிப்புகளில் -எம் என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மெர்ஜ் செய்தவர் கையால் என்ன மாற்றினார், தானாக வந்தது எது என்று மட்டும் இதில் பிரித்துப் பார்க்க முடியாது. எல்லாம் ஒரே குவியல்.

இனி --சிசி. ‘கிட் ஷோ’ ஒரு மெர்ஜுக்குத் தானாகக் காட்டுவது இதைத்தான். வரலாற்றைப் படமாகக் காட்டும் கிட்கே-வில் மெர்ஜைச் சொடுக்கினாலும் இதே வடிவம். இடது ஓரத்தில் இரண்டு பத்தி இருக்கும், ஒவ்வொரு பேரன்ட்டுக்கும் ஒன்று. இரண்டிலும் கூட்டல் குறி இருந்தால் அந்த வரி எந்தப் பேரன்ட்டிலும் இல்லாதது, மெர்ஜ் நேரத்தில் புதிதாக எழுதப்பட்டது. இரண்டு பக்கத்தையும் கலந்து ஒருவர் மூன்றாவதாக ஒன்றை எழுதியிருந்தால் அதைப் பிடிக்க இது நல்ல கருவி. சுருக்கமாகவும் இருக்கும். -சி இதன் விரிந்த வடிவம், அவ்வளவுதான்.

ஆனால் --சிசி எதைச் சுருக்குகிறது என்பதுதான் என்னை அதிலிருந்து விலக்கியது. ஒரு துண்டில் மெர்ஜின் முடிவு ஏதாவது ஒரு பேரன்ட்டோடு அப்படியே ஒத்துப்போனால் அந்தத் துண்டைக் காட்டாது. ஒரு கோப்பு முழுவதும் ஒரு பேரன்ட்டில் இருப்பது போலவே இருந்தால் அந்தக் கோப்பின் பெயரே வராது. இரண்டு பேர் எழுதிய ஏல நோட்டுகளைச் சேர்த்து மூன்றாவது நோட்டு எழுதுகிறோம், சரிபார்ப்பவர் இரண்டிலும் இல்லாத வரிகளை மட்டும் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் இருந்து மூன்றாவதில் ஏறாமலே விட்டுப்போன வரியை அவர் எப்போதும் பார்க்கப் போவதில்லை.

எங்களுக்கு விட்டுப்போனது ஐஸ். ஒரே நாளில் இரண்டு தடவை போய்வந்த படகுக்கு ஐஸ் செலவு இரட்டையாகக் கழிந்துகொண்டிருந்தது. மே மாதம் மெயினில் அதைத் திருத்தினோம். அதே கோப்பு பிராஞ்சில் முழுக்கத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. மெர்ஜில் கான்ஃப்ளிக்ட் வந்தது, பிராஞ்சின் கோப்பு அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது, திருத்தம் போய்விட்டது. கணக்கில் இது சின்னத் தொகையாகத் தெரியலாம். ஆனால் இரண்டாவது தடவை கழிந்த ஐஸ் காசில் ஒரு பகுதி, கடலில் வலை இழுத்தவரின் பங்கிலிருந்து போகிறது. இந்த வகைப் பிழையை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதைத் தேடியபோது ஒவ்வொரு பார்வையும் எப்படி நடந்துகொண்டது என்பதுதான் முக்கியம். ‘கிட் ஷோ’ அந்த மெர்ஜில் இந்தக் கோப்பைக் குறிப்பிடவே இல்லை. காரணம் மேலே சொன்னதுதான்: கோப்பு பிராஞ்ச் பேரன்ட்டோடு அச்சாக ஒத்திருந்தது. சரி, கோப்பின் வரலாற்றையே பார்ப்போம் என்று கோப்பின் பெயரைக் கொடுத்து ‘கிட் லாக்’ ஓட்டினால், மே மாதத் திருத்தக் கமிட்டே பட்டியலில் இல்லை! கோப்பின் பாதை கொடுத்தால் கிட் வரலாற்றைச் சுருக்குகிறது. மெர்ஜின் முடிவு ஒரு பேரன்ட்டோடு ஒத்திருந்தால் அந்தப் பேரன்ட்டின் வழியே மட்டும் போகும், மற்ற பக்கத்தைத் திரும்பிப் பார்க்காது. --ஃபுல்-ஹிஸ்டரி சேர்த்த பிறகுதான் திருத்தக் கமிட் தலைகாட்டியது. ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் ‘கிட் பிளேம்’ இன்னும் மோசம்: இருக்கும் வரிகளுக்கு மட்டுமே அது பதில் சொல்லும், இல்லாத வரி அதற்கு இருந்ததே இல்லை. -எஸ் (பெரிய எழுத்து S) கொடுத்துச் சொல்லைத் தேடினாலும், சேர்த்த கமிட் வரும், நீக்கிய இடம் வராது. நீக்கியது மெர்ஜ், -எம் போன்ற ஏதாவது ஒன்றைச் சேர்த்தால் ஒழிய அந்தத் தேடல் மெர்ஜுக்குள் நுழையாது.

--பர்ஸ்ட்-பேரன்ட்டிலும் -எம்-மிலும் அந்த நீக்கம் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பிராஞ்சின் மொத்த மாற்றத்துக்கு நடுவே சில கழித்தல் வரிகளாக இருந்தது. எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்தவருக்கு மட்டும்தான் அது கண்ணில் படும்.

--ரீமெர்ஜ்-டிஃப் வேறு கேள்வி கேட்கிறது. இரண்டு பேரன்ட்டையும் எடுத்து அந்த மெர்ஜை மறுபடி தானே செய்து பார்க்கிறது. கான்ஃப்ளிக்ட் வந்தால் அந்தக் குறிகளோடு அப்படியே ஒரு தற்காலிக வடிவத்தை வைத்துக்கொள்கிறது. பிறகு அதற்கும், உண்மையில் பதிவான மெர்ஜுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டுகிறது. அதாவது இயந்திரம் விட்ட இடத்திலிருந்து மனிதர் என்ன செய்தார் என்பது மட்டும். கிட் தானாகச் சுத்தமாக முடித்த மெர்ஜ் என்றால் டிஃப் காலி. எங்கள் ஐஸ் மெர்ஜில் ‘ரீமெர்ஜ் கான்ஃப்ளிக்ட்’ என்ற தலைப்பு வரி, அதற்குக் கீழே கான்ஃப்ளிக்ட் குறிகளும் மெயின் பக்கத்து வரிகளும் கழித்தல் குறியோடு, பிராஞ்ச் பக்கத்து வரிகள் குறி ஏதும் இல்லாமல். ஒரு பக்கம் முழுவதும் தூக்கிப் போடப்பட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அதே கோப்பில் கான்ஃப்ளிக்ட்டே ஆகாத மெயின் மாற்றங்களும் கூடவே அடிபட்டிருந்தன. அவையும் கழித்தல் வரிகளாக வந்து நின்றன. அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

இந்த வசதி கிட் 2.36-இல், 2022 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன்பே 2.34-இல் ‘ஆர்ட்’ என்ற புதிய மெர்ஜ் முறை இயல்பாக்கப்பட்டது. வேலை செய்யும் கோப்புகளைத் தொடாமலே மெர்ஜ் செய்ய அந்த முறையால் முடியும், ரீமெர்ஜ் அதன் மேல்தான் நிற்கிறது. அதனால் கையில் பாதி வேலை இருக்கும்போதும் தைரியமாக ஓட்டலாம். ரெப்போவுக்குள் நிரந்தரமாக எதையும் எழுதி வைப்பதும் இல்லை.

குறைகளும் உண்டு. மெர்ஜ் செய்தபோது -எக்ஸ் வழியாக ஏதாவது விருப்பம் கொடுத்திருந்தால், உதாரணமாக இடைவெளி மாற்றங்களைப் பொருட்படுத்தாதே என்று, அது வரலாற்றில் பதிவாவதில்லை. ரீமெர்ஜ் அதை அறியாமல் சாதாரணமாகச் செய்து பார்க்கும், இல்லாத கைவேலையை இருப்பதாகக் காட்டும். இரண்டுக்கு மேற்பட்ட பேரன்ட் உள்ள மெர்ஜுகளுக்கு இது பொருந்தாது. நாங்கள் அப்படி மெர்ஜ் செய்வதில்லை என்பதால் எங்களுக்கு இடைஞ்சல் இல்லை. ஒவ்வொரு மெர்ஜையும் மறுபடி செய்வதால் நேரமும் கூடும். எங்கள் ரெப்போ சிறியது, காத்திருந்ததாக நினைவில்லை. பல ஆண்டு வரலாறு உள்ள பெரிய ரெப்போவில் நான் ஓட்டியதில்லை. அங்கே வரலாறு முழுவதற்கும் கேட்காமல், தேதி வரம்பு வைத்துக் கேட்பது நல்லது என்று மட்டும் சொல்வேன்.

இன்னொன்று, இரண்டு பிராஞ்சும் வரி அளவில் மோதாமல், பொருள் அளவில் மோதுவது. ஒரு பக்கம் எடையைக் கிலோவிலிருந்து கிராமுக்கு மாற்றியிருக்கும், மறுபக்கம் கிலோ என்றே நம்பிப் புதிய வரி எழுதியிருக்கும். மெர்ஜ் சுத்தமாக முடியும், ரீமெர்ஜும் காலியாகத்தான் இருக்கும். அதைப் பிடிப்பது டெஸ்ட்டின் வேலை.

ரீபேஸ் (பிராஞ்சின் கமிட்டுகளை மெயினின் நுனியில் மறுபடி அடுக்குவது) செய்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. மெர்ஜ் கமிட் இருக்காது, உண்மை. ஆனால் கான்ஃப்ளிக்ட்டைத் தீர்த்த விதம் கமிட்டுகளுக்குள்ளேயே கரைந்துவிடும். பழைய பிராஞ்சை யாராவது பத்திரமாக வைத்திருந்தால் ‘கிட் ரேஞ்ச்-டிஃப்’ கொண்டு ஒப்பிடலாம், இல்லையென்றால் தடயமே கிடையாது. மாதக்கணக்கில் ஓடும் பிராஞ்சுக்கு மெர்ஜ்தான் எங்களுக்குச் சரிப்படுகிறது.

இப்போது ஜூன் மெர்ஜ் முடிந்ததும், அதைச் செய்யாத இன்னொருவர் ‘கிட் ஷோ --ரீமெர்ஜ்-டிஃப்’ ஓட்டிப் பார்த்த பிறகே செயலி வெளியே போகும். கழித்தல் குறியோடு வரும் ஒவ்வொரு வரிக்கும், அது ஏன் போனது என்று மெர்ஜ் செய்தவர் பதில் சொல்ல வேண்டும். பழைய மெர்ஜுகளைத் துழாவ ‘கிட் லாக் --மெர்ஜஸ் --ரீமெர்ஜ்-டிஃப்’. தினமும் தட்டச்சு செய்யச் சலிப்பாக இருந்தால் லாக்.டிஃப்மெர்ஜஸ் என்ற அமைப்பில் ரீமெர்ஜ் என்று வைத்துவிடலாம். அதன் பிறகு -எம் -பி கொடுத்தாலே இந்த வடிவம் வரும்.

அப்புறம், நிறுவும் முன் பதிப்பைப் பாருங்கள். உபுண்டு 22.04-உடன் வரும் கிட் 2.34.1, அதில் இந்த வசதி இல்லை. 24.04-இல் வருவது 2.43, டெபியன் 12-இல் 2.39, இரண்டிலும் இருக்கிறது. சர்வர் பழையதாக இருந்தால் அதைத் தொட வேண்டாம், ரெப்போவை உங்கள் மடிக்கணினிக்கு இழுத்து அங்கே ஓட்டுங்கள். பழைய கிட் செய்த மெர்ஜையும் புதிய கிட் மறுபடி செய்து காட்டும்.