ஒரு வார வானிலைக்கு விண்டி: எதை நம்பலாம், எங்கே தடுமாறும்

விண்டி என்ற வானிலைச் செயலியைத் திறந்ததும் கண்ணைப் பறிப்பது ஓடிக்கொண்டே இருக்கும் காற்றுக் கோடுகள். பார்க்க அழகுதான், வரப்போகும் வாரம் எப்படி என்று தெரிந்துகொள்ள அதனால் பெரிய பயன் இல்லை. வரைபடத்தில் உங்கள் இடத்தைத் தொட்டால் விரியும் அட்டவணையும், அதிலுள்ள ‘ஒப்பிடு’ வசதியும்தான் இந்தச் செயலியின் சரக்கு.

விண்டி காட்டுவது பெரும்பாலும் பிறருடைய கணினி மாடல்கள் தரும் கணிப்பு. ஐரோப்பிய வானிலை மையத்தின் இசிஎம்டபிள்யூஎஃப் நிலப்பரப்பை 9 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கிறது, ஜெர்மனியின் ஐகான் 13, அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் 22. ‘ஒப்பிடு’வில் இவை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். இலையுதிர்காலத் தொடக்கத்தில் இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. அட்லாண்டிக்கில் புயல் பருவம் உச்சத்தில் இருக்கும் அதே சமயம், வடக்கே மிக உயரத்தில் வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டம் வலுக்கத் தொடங்கும். வடக்கே ஏறும் புயல் அதோடு எந்த இடத்தில், எந்த நேரத்தில் சேர்கிறது என்பதில் சிறு வித்தியாசம் வந்தாலும் அதற்குக் கிழக்கே உள்ள நாடுகளின் வாரமே மாறிவிடும். 2022 செப்டம்பர் 24 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கரையேறிய ஃபியோனா புயல் இந்த ரகம்தான்.

மூன்று மாடலும் ஒரே நாளில் மழை காட்டினால் அந்த நாளை நம்பலாம். ஒன்று புதன், இன்னொன்று வெள்ளி என்றால், வார நடுவில் மழை என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. 5ஆம் நாளுக்குப் பிறகு மணிக்கணக்கைப் பார்க்கவே வேண்டாம். வெப்பநிலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது போதும். வரிசையாக 0.2, 0.3 மி.மீ. என்று கட்டங்கள் வந்தால் குடை தேட வேண்டாம். உலக மாடல்களுக்குத் தூறலைக் கொஞ்சம் தாராளமாகவே போடும் பழக்கம் உண்டு.

பெரிய சறுக்கல் மூடுபனியில். அதிகாலை 3 மணிக் கட்டத்தில் வெப்பநிலை 7 டிகிரி, பனிப்புள்ளி (காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 6, காற்றின் வேகம் 2 நாட் (மணிக்குச் சுமார் 4 கி.மீ.), மேகம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சின்னத்தில் தெளிவான நிலா சிரிக்கும். விடிந்தால் எதிர் வீடு தெரியாது. இரவுகள் நீண்டு, மண்ணில் ஈரம் தங்கியிருக்கும் பருவம் இது. வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் இடைவெளி 2 டிகிரிக்குள் வந்து, காற்று 5 நாட்டுக்குக் கீழ் இருந்தால், சின்னம் என்ன சொன்னாலும் மூடுபனிக்குத் தயாராக இருங்கள். வரைபடத்தில் பனிப்புள்ளிக்குத் தனி லேயர் இருக்கிறது.

உறைபனியும் இப்படித்தான். காட்டப்படும் வெப்பநிலை தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்துக்கானது. அங்கே 3 டிகிரி என்றால், காற்றில்லாத தெளிந்த இரவில் புல்மட்டத்தில் உறைந்திருக்கலாம். பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்: குளிர்காற்று வழிந்து தேங்கும் குறுகிய பள்ளம் 9 கி.மீ. கட்டத்துக்குள் காணாமல் போய்விடும்.

நாள் நெருங்கியதும் மாடலை மாற்றுங்கள். மத்திய ஐரோப்பாவுக்கு ஐகான்-டி2 (2 கி.மீ.), அமெரிக்காவுக்கு எச்ஆர்ஆர்ஆர் (3 கி.மீ.) இரண்டுமே 48 மணி நேரம் வரைதான் கணிக்கும். ஆனால் அந்த 48 மணிக்குள் இடிமழை எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் உலக மாடல்களைவிட இவை மேல். அதற்கும் கடைசி நேரத்தில் ரேடார் லேயரைப் பார்ப்பதே உத்தமம்.

இன்னொன்று, மாடலைக் கணினியில் ஓட்டிய எந்த ஓட்டத்தின் கணிப்பு என்று கவனியுங்கள். இசிஎம்டபிள்யூஎஃப்பின் 00 யூடிசி (உலகப் பொது நேரப்படி நள்ளிரவு) ஓட்டம் வெளிவர 6, 7 மணி நேரம் ஆகும். அதற்குள் திறந்தால் முந்தைய ஓட்டத்தைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

கட்டணச் சந்தாவில் 3 மணி நேரப் படி 1 மணி நேரமாகிறது. பாய்மரப் படகு, பாராகிளைடிங் என்று காற்றை நம்பி இறங்குபவர்களுக்கு அது தேவை. ஒரு வாரத்தின் போக்கை அறிய இலவசப் பதிப்பே தாராளம். 6ஆம் நாளை மணிவாரியாகப் பிரித்துக் காட்டுவதால் அந்த நாளின் கணிப்பு கூடுதலாகச் சரியாகிவிடாது.