ஹ்யூகோவில் சொந்த வலைப்பதிவு: தொடங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

உரைக்கோப்புகளிலிருந்து இணையதளத்தைக் கட்டித்தரும் கருவியான ஹ்யூகோவில் சொந்த வலைப்பதிவு தொடங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மார்க்டவுன் (எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை), கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), டொமைன் (தளத்தின் பெயர் முகவரி) எல்லாம் அவருக்குப் பழக்கம்தான். ஆகவே நிறுவும் வழியை விட்டுவிட்டு, நீண்ட நாள் புழக்கத்தில் எது நிலைக்கிறது, எது உறுத்துகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிவுகள் எல்லாம் வெறும் உரைக்கோப்புகள். டேட்டாபேஸ் இல்லை, கடவுச்சொல் கேட்கும் நிர்வாகப் பக்கம் இல்லை, எனவே யாரும் உள்ளே புகுந்து கெடுக்க வழியும் குறைவு. சில நூறு பதிவுகள் உள்ள தளத்தை ஹ்யூகோ சில நொடிகளில் கட்டி முடிக்கும். தளத்தை வெளியிடும் சேவையான கிட்ஹப் பேஜஸில் தளத்தின் அளவு 1 ஜிபிக்குள், மாதப் போக்குவரத்து 100 ஜிபிக்குள் இருக்க வேண்டும். எழுத்தே முதன்மையான ஒரு வலைப்பதிவு அந்த எல்லைகளின் பக்கத்தில்கூடப் போகாது. இவ்வளவு எளிய, திடமான கருவி வேறு ஒன்றை நான் கண்டதில்லை.

உறுத்துவது தீம், அதாவது தளத்தின் தோற்றத்துக்காக மற்றவர்கள் எழுதித் தரும் ஆயத்தக் கோப்புத் தொகுப்பு.

ஹ்யூகோ 2013இல் வந்தது. அதன் பதிப்பெண் இன்னும் பூச்சியத்தில்தான் தொடங்குகிறது. அதற்கேற்றாற்போல் பெயர்களும் அமைப்பும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2019இல் வந்த 0.60 பதிப்பில் மார்க்டவுன் இயந்திரமாக கோல்ட்மார்க் வந்தது. பதிவுக்குள் நேரடியாக எழுதியிருந்த எச்டிஎம்எல் துண்டுகள், அதாவது காணொளிச் சட்டகம் போன்றவை, வெளியீட்டில் காணாமல் போயின. ‘அன்சேஃப்’ என்ற அமைப்பை இயக்கினால்தான் அவை திரும்பும். 2024இல் 0.128 வந்தபோது, பக்கத்துக்கு எத்தனை பதிவு என்று சொல்லும் ‘பேஜினேட்’ அமைப்பு வேறு பெயரில் வேறு பிரிவுக்குள் போனது. 2025இல் 0.146, டெம்ப்ளேட்டுகள், அதாவது பக்கங்களின் வார்ப்புகள், இருக்கும் கோப்புறைகளின் அடுக்கையே மாற்றியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயம் உண்டு. 0.146இன் அடுக்கு பழையதைவிடத் தெளிவானது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் தீம் எழுதியவர் எப்போதோ அந்த வேலையை விட்டுப் போயிருப்பார். புதிய பெயர்களுக்கு அதை மாற்றித் தர ஆள் இருக்காது.

இதில் எரிச்சலூட்டுவது அறிவிப்பு வரும் விதம். கைவிடப்படும் ஒரு பெயர் முதலில் ‘தகவல்’ நிலையில் பதிவாகும்; வழக்கமாகத் தளத்தைக் கட்டும்போது அந்த நிலை திரையில் காட்டப்படுவதில்லை. அடுத்து எச்சரிக்கை, அதற்கும் பிறகு பிழை. பிழை வந்த அன்று தளம் கட்டப்படாது. மாற்றம் அனுப்பியதும் தளத்தைத் தானாகக் கட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் கோப்பில் ஹ்யூகோவின் பதிப்பை ‘லேட்டஸ்ட்’ என்று விட்டிருந்தால், ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பும் சாதாரண நாளில்தான் அது நடக்கும்.

தவிர்க்க வழி இருக்கிறது. பதிப்பெண்ணை அந்தக் கோப்பில் முழுமையாக எழுதுங்கள். உங்கள் கணினியிலும் அதே எண் இருக்கட்டும். ஹ்யூகோ ஒரே ஒரு கோப்பு என்பதால் அந்தப் பதிப்பையே காப்புப் பிரதியில் போட்டு வைக்கலாம். தீமின் கோப்புகளைக் கிட் சப்மாட்யூலாக (வேறோர் இடத்திலிருந்து கிட் இழுத்துவரும் இணைப்பாக) இணைக்காதீர்கள், நகலெடுத்து உள்ளே வையுங்கள். சப்மாட்யூல் இறங்காமல் போனால் ஹ்யூகோ ‘லேஅவுட் இல்லை’ என்று ஓர் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு வேலையை முடித்துக்கொள்ளும். வாசகருக்குப் பதிவு போய்ச் சேராது. பதிப்பை உயர்த்தும்போது பழைய பதிப்பில் ஒரு கோப்புறைக்கும் புதியதில் இன்னொரு கோப்புறைக்கும் தளத்தைக் கட்டி, இரண்டையும் டிஃப் கட்டளையால் ஒப்பிடுங்கள். முகப்பு, ஒரு பதிவு, ஓடைக் கோப்பு (புதிய பதிவுகளை வாசிப்புச் செயலிகளுக்குத் தரும் ஆர்எஸ்எஸ் கோப்பு) ஆகிய மூன்றிலும் வேறுபாடு ஏற்கத்தக்கதா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும்.

இதையெல்லாம் விடச் சிறந்தது, தீமே வேண்டாம் என்பது. பேஸ்ஆஃப், ஹோம், செக்‌ஷன், பேஜ், ஆர்எஸ்எஸ்: பொதுச் சட்டகம், முகப்பு, பதிவுப் பட்டியல், தனிப் பதிவு, ஓடை ஆகியவற்றுக்கான இந்த ஐந்து டெம்ப்ளேட் போதும். குறிச்சொற்கள் வேண்டுமானால் அவற்றுக்கு இன்னும் ஒன்றிரண்டு. நாமே எழுதிய சில பத்து வரிகளில் எது உடைந்தாலும் எங்கே என்று தெரியும்.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிடைக்கும் தீம்களில் பெரும்பாலானவை லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. மேற்கோளைச் சாய்வெழுத்தாக்கும், தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் அரிது என்பதால் உலாவி எழுத்தை வெறுமனே இழுத்துச் சாய்க்கும். தலைப்பின் எழுத்து இடைவெளியைக் குறைத்துக் கொம்பையும் காலையும் ஒன்றோடொன்று மோத விடும். சாய்வை நீக்குங்கள், எழுத்து இடைவெளியைப் பூச்சியமாக்குங்கள், வரி உயரத்தை 1.7 அளவுக்குக் கூட்டுங்கள். நீண்ட சொற்கள் கைபேசித் திரையைத் தாண்டாதபடி ‘ஓவர்ஃப்ளோ ராப்’ என்ற தோற்ற விதி கட்டாயம். இருபுறமும் வரி சமன் செய்வதைக் கைபேசியில் தவிர்த்துவிடுங்கள். சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும்.

முகவரியைத் தமிழில் வைக்கலாம், ஆனால் பகிரும்போது பல இடங்களில் அது குறியீடாக விரியும். ‘தமிழ்’ என்ற ஒரு சொல் மட்டும் 45 எழுத்துகளாகும்: ஐந்து யூனிகோட் குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று எழுத்து. ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியிலும் ‘ஸ்லக்’ என்று சிறிய ரோமன் பெயர் கொடுத்துவிடுவது நல்லது. ‘ரிமூவ் பாத் ஆக்சென்ட்ஸ்’ அமைப்பை மட்டும் தொடவே கூடாது. அது முகவரியிலிருந்து புள்ளியை உரித்துவிடும். ‘கல்’ ‘கல’ ஆகிவிடும்.

தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. நேர வலயம் குறிக்காமல் காலை 10 மணி என்று கையால் எழுதினால் ஹ்யூகோ அதை உலகப் பொது நேரமாகக் கொள்ளும். இந்திய நேரம் பிற்பகல் 3.30 வரை அது ‘எதிர்காலப் பதிவு’, வெளியீட்டில் சேராது. பிழையும் காட்டாது. 3.30 ஆனதும் தானாக வந்துவிடும் என்றும் இருக்க முடியாது, முன்கூட்டியே கட்டி வைத்த நிலையான தளம் ஆயிற்றே, மறுபடி கட்டினால்தான் வரும். அமைப்புக் கோப்பில் ‘டைம்ஸோன்’ என்பதை ‘ஏசியா/கொல்கத்தா’ என்று வைத்தால் தீர்ந்தது. பதிவு காணவில்லை என்றால் ‘ஹ்யூகோ லிஸ்ட் ஃபியூச்சர்’ என்ற கட்டளை உடனே காட்டிக்கொடுக்கும்.

எதிர்பாராத மகிழ்ச்சி தந்தது ஓடை. ஒரு வரிகூட எழுதாமல் ஆர்எஸ்எஸ் கோப்பு கிடைக்கிறது. இயல்பாக அதில் சுருக்கம் மட்டுமே இருக்கும். ஹ்யூகோவுக்குள் இருக்கும் ஆர்எஸ்எஸ் டெம்ப்ளேட்டை நகலெடுத்து, ‘சம்மரி’ என்று இருக்கும் இடத்தில் ‘கன்டென்ட்’ என்று மாற்றினால் முழுப் பதிவும் போகும். எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காவிட்டால் எல்லாப் பதிவுகளும் அதில் வந்துவிடும். 15 அல்லது 20 என்று வையுங்கள். படங்களுக்கு முழு முகவரி கொடுங்கள், இல்லாவிட்டால் ஓடைவாசிப்பானில் படம் உடையும். 2013இல் கூகுள் ரீடர் மூடப்பட்டதோடு ஓடை போயிற்று என்று நினைப்பவர்கள் பலர். அது போகவில்லை. எந்த நிறுவனத்தின் அனுமதியும் இல்லாமல், வரிசை மாற்றமும் விளம்பரமும் இல்லாமல், எழுதியது எழுதியபடி வாசகரிடம் போய்ச் சேர்கிறது. சொந்தத் தளம் எதற்கு என்று கேட்பவருக்கு நான் காட்டுவது இதைத்தான்.

டொமைனுக்கு ஒரு சொல். 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் தொடர் கட்டண விதிகளுக்குப் பிறகு, வெளிநாட்டுப் பதிவாளர்களிடம் இந்திய அட்டை மூலம் தானியங்கிப் புதுப்பிப்பு நடக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். நாட்காட்டியில் குறித்து வைத்து, ஒரு மாதம் முன்னதாகவே நீங்களே பணம் கட்டிவிடுங்கள். தவறவிட்டு மீட்புக் காலத்துக்குள் போனால் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

இவ்வளவு பாராட்டிய பிறகும், இன்று கேட்டால் நண்பருக்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான், அவர் அழகான தீம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கப்போகிறார் என்றால். எழுத வேண்டிய மாலைகளைத் தீம் தின்றுவிடும். ஐந்து டெம்ப்ளேட்டையும் தானே எழுத ஒரு வார இறுதியை ஒதுக்கத் தயார் என்றால் மட்டும் தொடங்கட்டும். ஆர்எஸ்எஸ் டெம்ப்ளேட்டைக் கடைசிக்குத் தள்ளாமல் முதலிலேயே எழுதிவிடட்டும்.